தறிகள் நின்ற நாற்பது செக்கன்

போன மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் படமெடுத்து, பின்னணி இசை சேர்த்து, கைத்தொலைபேசியில் காட்டினார்கள். ஓட்டப் போட்டிக்கு ஒரு இசை, பரிசளிப்புக்கு ஒரு இசை, அதிபரின் உரைக்கும் ஓர் இசை. அதிபர் பேசும்போது எதற்கு வயலின் அழுகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"உங்கட காலத்துல இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் எடுக்கும் சேர்?" என்றார் ஒருவர்.

"ஏழு நிமிசப் படத்துக்கு ஏழு மாசம்" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு, அந்த ஏழு மாதத்தை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் கல்வி அலுவலகத்தின் ஒலி ஒளிப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவு என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, இரண்டு ஆள், நாலு மெசின். கொழும்பில் ஆறு கிழமை பயிற்சி தந்தார்கள். அதில் நான் உருப்படியாகப் பழகியது அறுந்த ஃபிலிமை ஒட்டுவதும், சூடான பல்பைத் துணியில்லாமல் தொடாமல் இருப்பதும்தான். மற்றதெல்லாம் றோட்டில் பழகியது. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், அறுவடைக் காலத்தில், இதயம் எப்படி வேலை செய்கிறது என்று படம் காட்டினோம். வயற்பூச்சி முழுக்க லென்சில் வந்து மொய்த்தது. பிள்ளைகளுக்கு இதயத்தை விடப் பூச்சிதான் பிடித்திருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் செல்லத்துரை சேர். யாழ்ப்பாணத்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பைப் பொத்தானில் கறுப்பு நூல் கட்டி, அதில் ஒரு நிறுத்தற்கடிகாரத்தைத் தொங்கவிட்டிருப்பார். எங்களை 'நீர்' என்பார், மெசின்களை 'அவர்' என்பார். "தம்பி, அவருக்குச் சூடு ஏறிட்டுது, கொஞ்சம் ஆறவிடும்" என்று புரொஜெக்டரைக் காட்டிச் சொன்னால், நான் எழும்பி அதற்கு விசிற வேண்டும். எனக்கு வியர்த்தால் விசிற ஆளில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்தப் படத்துக்கு ஒலி சேர்த்தாலும் முதலில் நீளமான தாளில் மூன்று நிரல் கீறுவார். முதலாவதில் 'என்ன தெரியும்', நடுவில் 'எத்தனை செக்கன்', மூன்றாவதில் 'என்ன கேட்கும், ஏன்'. மூன்றாவது நிரலில் வெறுமனே 'இசை' என்று எழுத விடமாட்டார். எந்த வாத்தியம், எதில் தொடங்கி எதில் முடிகிறது, அது அந்த இடத்தில் ஏன் வருகிறது என்று எழுத வேண்டும். ஏன் என்று சொல்ல முடியாவிட்டால் அழிறப்பரை எடுத்து என் முன்னால் வைப்பார். எழுதியதை நானே அழிக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியில் ஒரு சிறிய சூப்பர் எட்டு கமெரா எங்கள் பிரிவுக்கு வந்தது. அதில் படம் மட்டும்தான் பதியும், சத்தம் பதியாது. ஒரு சுருள் மூன்று நிமிடமும் இருபது செக்கனும் ஓடும். கழுவுவதற்கு வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் ஒரு குறும்படம் எடுக்கட்டும், மூன்று சுருள் தருகிறோம் என்று அறிவித்தோம். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருதமுனை றமீஸா. மற்றவர் பெரியநீலாவணை தேவராசா. கதையும் நெறியாள்கையும் றமீஸா, கமெரா தேவராசா. சத்தம் என் பொறுப்பு.

றமீஸா யாரைப் படமெடுக்க வேண்டுமென்று முடிவு செய்துகொண்டேதான் வந்திருந்தார். மருதமுனையில் நூலுக்குச் சாயம் போடும் மீராலெவ்வை காக்கா. கலியாண வீடு, நாடக மேடை என்று கரையோரம் முழுக்க ஆர்மோனியம் வாசித்தவர். பாட்டுக்காரனின் பெயர் நோட்டீசில் வரும், இவருடைய பெயர் வராது. அது அவருக்குப் பெரிய குறையாக இருக்கவில்லை. குறை வேறு.

ஊரில் ஒரு கதை உலாவியது. "பெட்டிக்காரனுக்குப் பாங்கு கேக்குமா?" என்பார்கள். பெட்டியென்றால் ஆர்மோனியம், பாங்கு என்றால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அழைப்பு. வாசிப்பு மும்முரத்தில் தொழுகையை விட்டுவிடும் ஆள் என்ற குத்தல். யார் தொடக்கிவிட்டார்களோ தெரியாது, ஆனால் அவருடைய மகளுக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சு அந்த ஒரு வசனத்தில் திரும்பிப் போயிருந்தது. இத்தனைக்கும் அவருடைய மனைவி சுபைதா ராத்தாவின் சொந்த நானா, கூடப் பிறந்த அண்ணன், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார். அவரே அந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று வருடம்.

நாங்கள் முதன்முதலில் பேசப் போனபோது மீராலெவ்வை காக்கா சாயம் பிடித்த விரல்களை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"படம் எடுங்க, காரியமில்ல. என்னைப் பாட்டுக்காரர்ர பின்னுக்கு இரிக்கிற ஆள் எண்டு காட்டினாலும் காரியமில்ல. தொழுகையில்லாத ஆள் எண்டு மட்டும் காட்டிப் போடாதீங்க புள்ள. எனக்கொரு குமர் இரிக்கி."

"அப்பிடிக் காட்ட மாட்டன் மாமா" என்றார் றமீஸா.

அடுத்த கிழமை அவர் கட்டாருக்கு வேலைக்குப் போக இருந்தார். விசா வந்துவிட்டது. ஆர்மோனியத்தை விற்பதற்குப் பாலமுனையில் ஓர் ஆளிடம் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஆகவே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாசிப்பு.

செல்லத்துரை சேர் அந்த நாளுக்கு ஒரு விதி எழுதித் தந்தார். றமீஸா கமெராவுக்கு முன்னால் கையைத் தட்ட வேண்டும். தட்டிய அந்தச் சத்தத்தில் நாடாவும் ஃபிலிமும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். "ஒருத்தர் நிண்டா மற்றவரும் நிக்கவேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் பிறகு சேரமாட்டினம்" என்றார். ஒருத்தர், மற்றவர் என்றது மெசின்களைத்தான்.

முதல் இரண்டு சுருளில் சாயத் தொட்டி, நூற்சிட்டம், தெரு, தறிகள் எல்லாம் காலையிலேயே எடுத்து முடித்தோம். மூன்றாவது சுருள் வாசிப்புக்கு. யன்னலால் வரும் வெயில் விரலில் விழ வேண்டுமென்று தேவராசா காத்துக்கொண்டிருந்தார். வெயில் வந்த நேரம் கமெரா பற்றரி படுத்துவிட்டது. புதுப் பற்றரி வாங்கி வந்து தொடங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அசருக்கு, பின்னேரத் தொழுகைக்கு, நேரம் கிட்டிவிட்டதென்று எனக்கு நினைவில் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

றமீஸா கை தட்டினார். மீராலெவ்வை காக்கா வாசித்தார். நான் பல ஆர்மோனியம் பதிந்திருக்கிறேன், இது வேறு. பாட்டுக்காரனுக்கு வழிவிட்டுப் பழகிய கை முதன்முறை தனக்காக வாசித்தது. சாயம் ஊறிய நீல விரல்கள் வெள்ளைக் கட்டைகளில் ஓடின. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போயிருக்கும், பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

அவர் விரலை எடுத்தார். துருத்தியை மெல்ல மூடினார். றமீஸா முக்காட்டை இழுத்துவிட்டார். நானும் என் வாழ்நாள் பழக்கத்தில் நாடாவை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் பாங்கு கேட்டால் றேடியோவைக் குறைப்பார்கள். என் விரல் அதைத்தான் செய்தது. பாங்கு முடிந்தது, அவர் விட்ட இடத்திலேயே தொடங்கினார், நானும் நாடாவைத் தொடக்கினேன். சுருள் முடிந்ததும் காக்கா தொழப் போனார். எல்லாம் நன்றாக நடந்ததென்று தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். காக்கா கட்டாருக்குப் போனார். ஃபிலிம் தபாலில் போனது.

இரண்டு மாதத்துக்குப் பின் ஃபிலிம் கழுவி வந்தது. யன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு நாலு பேரும் பார்த்தோம். கை தட்டல், வாசிப்பு, எல்லாம் ஒட்டிக்கொண்டு போனது. பிறகு திரையில் அவர் கையை எடுத்துவிட்டார். என் நாடா நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தது. திரையில் மனிதர் கண்ணை மூடிக் குனிந்திருக்கிறார், ஸ்பீக்கரில் ஆர்மோனியம் துள்ளுகிறது.

"ஏன் நீ கமெராவ நிப்பாட்டல்ல?" என்று தேவராசா மேல் பாய்ந்தேன்.

"ஒருத்தரும் சொல்லல்லயே. நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தன்."

அது உண்மை. பாங்கு சொல்லும்போது பேசக்கூடாதென்று நானும் றமீஸாவும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். நிறுத்து என்று சொல்ல அந்த அறையில் ஆளிருக்கவில்லை. தேவராசாவுக்கு அது தெரியாது.

செல்லத்துரை சேர் சாக்கை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, விதி எழுதித் தந்தனான் எல்லே?"

"ஓம் சேர். பிழை என்டதான். கை தானாப் போயிற்று."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கடிகாரத்தை எடுத்து, ஃபிலிமைத் திரும்ப ஓட்டி அளந்தார். நிறுத்தம் ஒன்றரை நிமிடம். "வெட்டுவம். முன்னாலையும் பின்னாலையும் ஒட்டினா நாடா சரியாப் பொருந்தும். ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு உயிர் வந்தது. என் பிழை கத்தரிக்கோலோடு போய்விடும். உடனே ஒட்டும் பலகையை எடுத்து வைத்தேன். றமீஸா பலகை மேல் கையை வைத்துவிட்டார்.

"வெட்ட வேணாம் சேர். இதுதான் படம்."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? ஒண்டும் நடக்கேல்லை அதிலை."

"அவருக்குப் பாங்கு கேக்குமா எண்டுதானே ஊர் கேட்ட? இந்தா கேட்டிரிக்கி. நாங்க சொல்லிக் குடுக்கல்ல, நடிக்கச் சொல்லல்ல. உதட்டைப் பாருங்க சேர், பாங்குக்கு மறுமொழி சொல்றார். இத வெட்டினா நான் அந்த மனிசனுக்குச் சொன்ன சொல்லு என்னாகிற?"

செல்லத்துரை சேர் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது உண்மைதான். காக்கா கமெரா இருந்ததையே மறந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பிழையை மறைக்கிற அவசரத்தில் நான் அந்த உதட்டைப் பார்க்கவே இல்லை.

"சரி, இருக்கட்டும்" என்றார் சேர். "ஆனா என்ன கேட்கும்? ஒண்டுமில்லாமல் விட்டா மெசின் பழுதெண்டு விசில் அடிப்பாங்கள். பாங்கைப் பதிஞ்சு போடுவமோ?"

"அது ஏலா சேர்" என்றோம் றமீஸாவும் நானும் ஒரே நேரத்தில். படத்துக்குப் பாட்டுப் போடுவது போலப் பாங்கைப் போட எங்களுக்கு மனமில்லை. சேர் அதை விட்டுவிட்டார். ஒன்றரை நிமிடத்தை நாற்பது செக்கனாகக் குறைத்தார். விரல் எடுப்பதும், துருத்தி மூடுவதும், உதடு அசைவதும் மட்டும். தாளில் முதல் நிரலில் 'கைகள் ஓய்கின்றன' என்று எழுதினார். நடுவில் நாற்பது. மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தது. ஒரு மாதம் அப்படியே இருந்தது. புல்லாங்குழல் போட்டுப் பார்த்தேன், றப்பர் முன்னால் வந்தது. கடல் இரைச்சல் போட்டேன், றப்பர். றபான் கொட்டுப் போட்டேன், அதற்கும் றப்பர்.

வழி காட்டியவர் சுபைதா ராத்தா. மகளோடு தனியாக இருந்தார். மீராலெவ்வை காக்காவின் பழைய புகைப்படம் ஒன்று கேட்டு நானும் றமீஸாவும் போயிருந்தோம். எங்கள் தலையிடியைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பாங்கு கேக்கிறதுக்கு முந்தியே எனக்குத் தொழுகை வக்து தெரிஞ்சிரும். தெருவுல தறி ஒவ்வொண்டா நிக்கும். கைகால் கழுவி ஒளு எடுக்க எழும்புவாங்க. கடைசியா அந்த மூலை வீட்டு மம்முதும்பிர தறி நிக்கும். அவன் எப்பயும் பிந்தித்தான். அது நிண்டா நான் முக்காட்டப் போட்டிருவன். பிறகுதான் பாங்கு."

நானும் றமீஸாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் அதே தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்தவன். அந்தச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தத்தில் விழித்தவன். எனக்குத் தோன்றவில்லை.

பதிவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. முதல் நாள் ஒரு ஐஸ் பழ வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தான். இரண்டாம் நாள் தறிச் சத்தம் பதிகிறார்கள் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் எங்களுக்கு உதவுவதாக நினைத்து, புதுச் சட்டை போட்டு, வழக்கத்தை விட இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் துண்டை அசைக்க, அத்தனை தறியும் பட்டாளம் போல ஒரே நேரத்தில் நின்றன. செல்லத்துரை சேர் அதைக் கேட்டுவிட்டு, "கரண்ட் போனது மாதிரி இருக்கு" என்றார். மம்முதும்பி கூட அன்றைக்கு நேரத்துக்கு நின்றிருந்தான்.

மூன்றாவது முறை ஒருவருக்கும் சொல்லாமல், நாடாப் பெட்டியை மீன் வாங்கும் பையில் வைத்து எடுத்துப் போய், சுபைதா ராத்தாவின் வீட்டு யன்னலோரம் உட்கார்ந்தேன். ஏழு தறி ஓடியது. ஆறு, ஐந்து. ஒன்று நின்று, யோசித்துவிட்டுத் திரும்பவும் நாலு அடி அடித்து நின்றது. கடைசியில் மம்முதும்பியின் தறி மட்டும் தனியாக அடித்தது. அதுவும் நின்றது. பாங்கின் முதற் சொல்லுக்கு முன்னால் நாடாவை நிறுத்தினேன். இந்த முறை தெரிந்தே நிறுத்தினேன்.

ஆர்மோனியத்தின் முன் பாதி, தறி, பின் பாதி என்று சேர்த்துப் பதிந்தோம். சேர் கேட்டார். றப்பரை எடுக்கவில்லை. மூன்றாவது நிரலில் 'தறிகள் நிற்கின்றன' என்று எழுதினார். 'ஏன்' என்ற இடத்தை விட்டுவிட்டார். "எனக்கு விளங்குது தம்பி, ஆனா எழுதத் தெரியேல்லை" என்றார். அவர் அப்படிச் சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆசிரியர் கலாசாலைக் கண்காட்சியில் முற்பகல் பதினொரு மணிக்குப் படம் போட்டோம். யன்னல்களில் பாய் அடைத்திருந்தோம். மருதமுனையிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம். சுபைதா ராத்தா மகளோடு முன்வரிசையில் இருந்தார். மரைக்கார் உள்ளே வரவில்லை. வாசற் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படம் பார்க்க வரவில்லை, தங்கச்சியைக் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்று கேட்காமலே என்னிடம் சொன்னார்.

ஆர்மோனியம் தொடங்கியபோது பின்வரிசையில் ஒருவன், "பெட்டிக்காரன்" என்று குரல் கொடுத்தான். நாலு பேர் சிரித்தார்கள். சுபைதா ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். நான் புரொஜெக்டரைப் பார்த்தேன். வோல்ற்றேஜ் சற்றுக் குறைந்தாலும் படம் பிந்தி, தறி முந்திவிடும். பிறகு அந்தச் சிரிப்பு நிற்காது. சேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புரொஜெக்டரின் வேகத் திருகியை மயிரளவு திருப்பினார்.

திரையில் நீல விரல்கள் எழும்பின. துருத்தி மூடியது. ஆர்மோனியம் நின்றது, தறிகள் கேட்டன. ஏழு, ஆறு, ஐந்து.

நாலாவது தறி நின்றபோது முன்வரிசையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டார். பக்கத்திலிருந்தவரும் இழுத்தார். பிறகு வரிசை வரிசையாக. ஒரு வயதான மனிதர் பதினொரு மணி என்பதை மறந்து ஒளு எடுக்க எழும்பிவிட்டார், மகன் சட்டையைப் பிடித்து இருத்தினான். மம்முதும்பியின் தறி நின்றது. திரையில் மீராலெவ்வை காக்காவின் உதடு அசைந்தது. அந்த நேரத்தில் நான் வாசலைப் பார்த்தேன். மரைக்கார் கட்டிய கையை அவிழ்த்து, பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாய்களைக் கழற்றியதும் அவர் நேரே தங்கச்சியிடம் போனார். "மச்சானுக்குக் கடிதம் போட்டா என்ட ஸலாத்தையும் எழுது" என்றார். அவ்வளவுதான் கதைத்தார். அன்று மாலை அவர் மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தார். மருமகளின் கலியாணத்தை அடுத்த நோன்புக்கு முன்னால் அவரே முன்னின்று பேசி முடித்தார்.

அந்த நாளில் கட்டாருக்குப் போனவர்களுக்குக் கடிதத்தோடு கசெற்றிலும் குரல் பதிந்து அனுப்புவார்கள். சுபைதா ராத்தா படத்தின் சத்தத்தைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். ஒன்றும் விளக்கம் எழுத வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றார். இரண்டு மாதத்தில் மறுமொழிக் கசெற் வந்தது. வீட்டுக் கசெற் பிளேயர் நாடாவைத் தின்கிறது என்று அதை எங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்தார். றமீஸாவும் வந்திருந்தார். நான் போட்டேன். ஏதோ ஒரு மெசினின் உறுமலுக்கு நடுவில் காக்காவின் குரல் வந்தது.

"சுபைதா, நீ அனுப்பினதக் கேட்டன். கேட்டுக்கிட்டே மேசையில விரலால வாசிச்சன். தறி ஒவ்வொண்டா நிண்டிச்சு. மம்முதும்பிர தறியும் நிண்டிச்சு. எனக்குத் தெரியாமலே கையை எடுத்திட்டன். பக்கத்துக் கட்டில் ஆள் என்ன நடந்த எண்டு கேட்டான். ஊர்ல அசராயிற்று எண்டன்." பிறகு குரல் கிட்ட வந்தது. "பெட்டிய வித்திராத. நான் வந்திருவன்."

"படம் பாத்த அண்டே பாலமுனை ஆளத் திருப்பி அனுப்பிட்டன்" என்று சுபைதா ராத்தா கசெற்றைப் பார்த்துச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் போடச் சொன்னார்.

நான் நாடாவைப் பின்னோக்கி ஓட்டும்போது செல்லத்துரை சேர் அலுமாரியைத் திறந்து அந்த நீளத் தாளை எடுத்தார். பென்சிலைச் சீவினார். மூன்றாவது நிரலில், ஏன் என்பதற்கு நேரே அவ்வளவு நாளும் வெறுமையாகக் கிடந்த இடத்தில், 'ஊரில் அசர்' என்று எழுதினார்.